வாய் அசைவது ஜின்னாலும் அல்ல, வெற்றிலையாலும் அல்ல: மனநோய் மருந்துகளும் உடல் அசைவுகளும்



ஆலங்குடாவிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் மனநோய்க்காக மாதாந்தம் கிளினிக் சென்று மருந்து எடுப்பவர்கள் பலர் இருக்கின்றார்கள். இதைப் பற்றி யாரும் வெளியில் பேசுவதில்லை. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு தடைப்படும் என்ற பயத்தில் கிளினிக் கொப்பியைக்கூட உடுப்புக்கு அடியில் ஒளித்து வைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கின்றேன். பேசாமல் இருப்பதால் ஏற்படும் பெரிய நட்டம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன். இந்த மருந்துகளை நீண்ட காலம் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வாய், நாக்கு, கை, கால் ஆகியவை தம் விருப்பமின்றி அசையத் தொடங்குகின்றன. அது மருந்தினால் வருவது என்று நோயாளிக்கும் தெரிவதில்லை, குடும்பத்துக்கும் தெரிவதில்லை.

நான் வைத்தியன் அல்லன். ஓய்வுபெற்ற ஆசிரியன். எனது குடும்பத்தில் ஒருவர் 20 வருடங்களுக்கும் மேலாக இந்த மருந்துகளை எடுத்து வருகின்றார். அவரோடு பாலாவி சந்தி வழியாகப் புத்தளத்துக்குப் போய், கிளினிக் வரிசையில் காத்திருந்து, வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை என்னைப் போன்ற குடும்பங்களுக்காக எழுதுகின்றேன்.

ஊர் சொல்லும் காரணங்கள்

ஒரு ரமழானில், எங்கள் பகுதியில் 50 வயது தாண்டிய ஒரு தாயைப் பற்றி, "நோன்பும் இல்ல, பகல்ல எதையோ மென்டுகொண்டே இருக்கிறா" என்று பேச்சு எழுந்தது. அவரது வாயில் எதுவும் இருக்கவில்லை. பல வருடங்களாக மாதம் ஒரு தடவை ஊசி போட்டு வந்தவர் அவர். தாடை தானாக அசைந்துகொண்டிருந்தது, நாக்கு அடிக்கடி உதட்டுக்கு வெளியே வந்து போனது. பேச்சு காதுக்கு எட்டியதும் அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு மையித்து வீடுகளுக்கும் போகவில்லை.

இன்னொரு வீட்டில், மருந்து தொடங்கி மூன்றாம் நாள் ஒரு இளைஞனின் கழுத்து ஒரு பக்கமாக முறுகி, கண்கள் மேலே செருகிக்கொண்டன. வீட்டார் அதை ஜின் என்று முடிவு செய்து ஓதுபவரிடம் கொண்டுபோனார்கள். கழுத்து சில மணித்தியாலங்களில் நேரானது. ஓதியதால் சுகமானது என்று நம்பி மருந்தை நிறுத்தினார்கள். சில வாரங்களில் பழைய நோய் முன்னரைவிடக் கடுமையாகத் திரும்பியது.

இரண்டு பேருக்கும் நடந்தவை வைத்திய நூல்களில் பெயரோடும் விளக்கத்தோடும் எழுதப்பட்டுள்ளவை.

மருந்து வந்த கதை

1952 இல் பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் வைத்தியசாலையில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு வைத்தியர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் கடும் மனநோய் வந்தால் பலருக்கு வாழ்நாள் முழுவதும் அடைபட்டுக் கிடப்பதே விதியாக இருந்தது. இந்த மருந்து வந்த பின் பல்லாயிரம் பேர் வீடு திரும்பினார்கள். ஹெலோபெரிடோல், ட்ரைபுளுவோபெரசின், மாதாந்த ஊசியாகப் போடும் புளுபெனசின் போன்றவை அடுத்தடுத்து வந்தன. இன்று எமது கிளினிக்குகளில் கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவை இவற்றுக்குப் பின் வந்த தலைமுறை.

ஐந்து வருடங்களுக்குள்ளேயே மறுபக்கமும் தெரிய வந்தது. 1957 இல் ஜேர்மனியில், மருந்து எடுத்த நோயாளிகளின் வாயைச் சுற்றி விநோதமான அசைவுகள் ஏற்படுவது பதிவு செய்யப்பட்டது. 1964 இல் அதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர் வைத்தார்கள். காலம் தாழ்த்தி வரும் அசைவுக் கோளாறு என்பது அதன் பொருள். மருந்து தொடங்கிய உடனே வராமல் மாதங்கள், பெரும்பாலும் வருடங்கள் கழித்து வருவதால்தான் அந்தப் பெயர். மருந்தையும் அசைவையும் குடும்பத்தவர் தொடர்புபடுத்திப் பார்க்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

எமது மூளையில் டோபமின் என்ற இரசாயனம் செய்தி கடத்துகின்றது. அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று எண்ணங்களோடும் உணர்ச்சிகளோடும் தொடர்புடையது. இன்னொன்று உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்துவது. இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம் போன்றவற்றைத் தணிப்பதற்காக இந்த மருந்துகள் டோபமினைத் தடுக்கின்றன. ஆனால் மருந்துக்கு இடம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் அதே தடை விழுகின்றது.

அந்தத் தடை வருடக்கணக்கில் நீடிக்கும்போது மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. பக்கத்தில் இருப்பவர் மிக மெல்லிய குரலில் பேசினால் நாம் காதைக் கூர்மையாக்கிக்கொள்கின்றோம் அல்லவா? அதுபோல, குறைவாக வரும் டோபமினைப் பிடிக்க நரம்பணுக்கள் கூர்மையாகின்றன. கூர்மை அளவு மீறும்போது சிறு செய்திகூடப் பெரிய சத்தமாகக் கேட்டு, தசைகள் தேவையில்லாமல் அசைகின்றன. இதுவே பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். இது மட்டுமே முழுக் காரணமும் அல்ல என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

எல்லா அசைவும் ஒன்றல்ல

குடும்பத்தவர் தெரிந்திருக்க வேண்டிய வகைகள் நான்கு.

முதலாவது, மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில மணித்தியாலங்களில் அல்லது நாட்களில் வரும் தசை முறுக்கம். கழுத்து திரும்பும், தாடை இறுகும், கண் மேலே செருகும். இளைஞர்களுக்கே இது அதிகம். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வைத்தியசாலையில் ஓர் ஊசியோடு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் சரியாகும். மேலே சொன்ன இளைஞனுக்கு நடந்தது இதுதான்.

இரண்டாவது, அமைதியின்மை. உள்ளுக்குள் ஏதோ உந்தித் தள்ளுவது போல ஓரிடத்தில் இருக்க முடியாது. காலை மாற்றி மாற்றி வைப்பார், எழும்பி நடப்பார், திரும்ப வந்து உட்கார்வார். ஜும்ஆ குத்பாவின்போது இப்படி எழும்பி நடப்பவரைப் பார்த்து நாம் முகம் சுளிக்கின்றோம். நோய் கூடிவிட்டது என்று தவறாக எண்ணி மருந்தைக் கூட்டினால் இந்த உபாதையும் கூடும். தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட சிலருக்கு வருவதுண்டு. ஆகவே இதைச் சிறிதாக எடுக்கக் கூடாது.

மூன்றாவது, பார்க்கின்சன் நோயைப் போன்ற நிலை. நடை சுருங்கும், கை வீச்சு இல்லாமல் போகும், முகம் உணர்ச்சியற்றிருக்கும், விரல் நடுங்கும், ஸுஜூதில் இருந்து எழும்ப நேரம் எடுக்கும். மருந்தின் அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் பெரும்பாலும் குறையும்.

நான்காவதுதான் டார்டிவ் டிஸ்கைனீசியா. மெல்லுவது போன்ற அசைவு, உதடு சப்புதல், நாக்கு வெளியே வந்து போதல், அடிக்கடி கண் சிமிட்டுதல், கை கால் விரல்கள் பியானோ வாசிப்பது போல ஆடுதல், இடுப்பு அசைதல். தூங்கும்போது நின்றுவிடும். மனம் பதறும்போது கூடும். மூன்று மாதங்களுக்கு மேல் மருந்து எடுத்தவர்களுக்கு வரலாம். 60 வயது தாண்டியவர்களுக்கு ஒரு மாதத்திலேயே வரலாம். முதல் மூன்றையும் போல இது இலேசில் போவதில்லை. சிலருக்கு மருந்தை மாற்றிய பின்னும் நிலைத்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது மிக முக்கியம் என்பது இதனால்தான்.

எத்தனை பேருக்கு?

பழைய தலைமுறை மருந்துகளை எடுக்கும் வயது வந்தோரில் வருடத்துக்கு 100 பேரில் சுமார் 5 பேருக்கு இது புதிதாக வருவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டின. முதியவர்களில் இது பல மடங்கு அதிகம். 2017 இல் வெளியான, 41 ஆய்வுகளையும் சுமார் 11,000 நோயாளிகளையும் உள்ளடக்கிய ஒரு தொகுப்பாய்வில், மருந்து எடுப்போரில் சுமார் 25 சதவீதமானோரிடம் இது காணப்பட்டது. பழைய மருந்து எடுப்போரில் 30 சதவீதம், புதிய மருந்து எடுப்போரில் சுமார் 21 சதவீதம். பழைய மருந்தைத் தொட்டே இராமல் புதியதை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 7 சதவீதம். எனவே புதிய மருந்துகளில் ஆபத்து குறைவு. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

வயது கூடியவர்கள், பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், நீண்ட காலம் அதிக அளவு மருந்து எடுத்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். மருந்தை நினைத்தபோது விடுவதும் திரும்பத் தொடங்குவதும்கூட ஆபத்தைக் கூட்டலாம் என்று கருதப்படுகின்றது. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்ததையும், பஸ் கட்டணத்துக்கு வழியில்லாமல் கிளினிக் தவறியவர்களையும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடுவதும் நியாயமல்ல. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாரா உள்ளிட்டோருடன் சேர்ந்து ஸ்கொட்லாந்து மனநல வைத்தியர் ரொபின் மெக்ரீடி செய்த ஆய்வு 1996 இல் வெளியானது. அதில் 308 பேரைப் பரிசோதித்தார்கள். மனச்சிதைவு நோய் இருந்தும் வாழ்நாளில் ஒருபோதும் மருந்தே எடுக்காத முதியவர்கள் 21 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 38 சதவீதமானோரிடம் இப்படியான அசைவுகள் இருந்தன. மருந்து எடுத்தவர்களில் 41 சதவீதம். நோய் இல்லாத சாதாரண முதியவர்களில்கூட 15 சதவீதம். மருந்து எடுக்காதவர்கள் 21 பேர்தான் என்பதையும், அவர்கள் மருந்து எடுத்தவர்களைவிடச் சராசரியில் வயது கூடியவர்கள் என்பதையும் மனதில் வைத்தே இதை வாசிக்க வேண்டும். ஆனாலும், அசைவுக்கு நோயும் முதுமையும் தம் பங்கைச் செலுத்துகின்றன என்பதை அது காட்டுகின்றது. மருந்து எடுக்காவிட்டால் இது வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எமது மண்ணின் சுமை

1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட எமது சகோதரர்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கே. ஆலங்குடாவில் ஓலைக் குடிசை முகாம்களில் தொடங்கிய வாழ்க்கை அது. புத்தளம் மாவட்டத்தில் நீண்ட காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2013 இல் வெளியானது. அவர்களில் 18.8 சதவீதமானோருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவேதனை உடல்நோவாக வெளிப்படுதல் போன்ற மனநலப் பாதிப்புகளில் ஏதாவது ஒன்று இருந்தது. தொழிலின்மை, துணையை இழந்திருத்தல், உணவுக்குப் போதாமை ஆகியவற்றோடு அந்தப் பாதிப்பு தொடர்புபட்டிருந்தது.

இவர்கள் எல்லோருக்கும் நான் மேலே சொன்ன மருந்துகள் தேவை என்பதில்லை. ஆனால் நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கின்றது என்று போகின்றவர்களுக்கும் சிலவேளை இவ்வகை மருந்து குறைந்த அளவில் எழுதப்படுகின்றது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் ப்ரோகுளோர்பெரசின் ஆகியவையும் டோபமினைத் தடுப்பவைதான். மெட்டோகுளோப்ரமைட்டை 12 வாரங்களுக்கு மேல் தொடர வேண்டாம் என்று 2009 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. பழைய துண்டைக் காட்டி பாமசியில் மாதக்கணக்கில் இவற்றை வாங்கி விழுங்கும் பழக்கம் எமது முதியவர்களிடம் உண்டு. அதை நிறுத்த வேண்டும்.

மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாராவது இன்றிரவே குளிசையைக் குப்பையில் போட்டால், நான் எழுதாமல் இருந்திருப்பதே நல்லது. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும். ஏற்கனவே மருந்தால் மறைந்திருந்த அசைவும் வெளிப்பட்டு அதிகமாகும். மருந்தின் தடை நீங்கும்போது கூர்மையான நரம்பணுக்களுக்கு முழுச் சத்தமும் ஒரேயடியாகக் கேட்கின்றது என்று விளங்கிக்கொள்ளுங்கள். குறைப்பதும் மாற்றுவதும் வைத்தியரின் கையால், மெதுவாக நடக்க வேண்டியவை.

வைத்தியரால் செய்யக்கூடியவை பல உண்டு. மருந்து இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று பார்க்கலாம். ஆபத்துக் குறைந்த மருந்துக்கு மாற்றலாம். தொடர்ந்து இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமானால் குளோசபின் சிலருக்குப் பொருந்தும். நடுக்கத்துக்காகக் கொடுக்கப்படும் பென்செக்ஸோல் குளிசை, தசை முறுக்கத்துக்கும் பார்க்கின்சன் நிலைக்கும் உதவும். ஆனால் டார்டிவ் டிஸ்கைனீசியாவை அது கூட்டக்கூடும். எனவே அது ஏன் தொடர்கின்றது என்று கேட்பது நல்லது. அசைவுக்கென்றே வல்பெனசின், டியூடெட்ராபெனசின் ஆகிய இரண்டு மருந்துகளுக்கு 2017 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அவை எமது கிராமத்து நோயாளிகளுக்கு எட்டாத விலை.

வீட்டில் பார்க்க வேண்டியவை

வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒரு பரிசோதனை முறை 1976 இல் இருந்து இருக்கின்றது. அதன் எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்யலாம். மூன்று மாதத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில் அவரைக் கதிரையில் உட்கார வையுங்கள். வாயில் வெற்றிலையோ இனிப்போ இருக்கக் கூடாது. பொய்ப்பல் சரியாகப் பொருந்தியிருக்கின்றதா, பல்வலி உண்டா என்று கேளுங்கள். செருப்பைக் கழற்றி, கைகளை முழங்காலில் வைத்துச் சும்மா இருக்கச் சொல்லிப் பாருங்கள். வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். நாக்கை நீட்டச் சொல்லுங்கள். பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லி, அந்நேரம் முகத்தையும் காலையும் கவனியுங்கள். சில அடிகள் நடந்து திரும்பச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் பதிந்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். நெரிசலான கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அது உதவும். அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அது அவரது அமானிதம்.

விழுங்கும்போது புரையேறினால் சோற்றைக் குழைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். கடும் காய்ச்சலோடு உடல் மரம்போல விறைத்து, வியர்த்து, நினைவு தடுமாறினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அது அரிதாக வரும், ஆனால் உயிருக்கே ஆபத்தான நிலை. தொண்டை இறுகி மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாலும் அவ்வாறே. ஆலோசனைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

உலமாக்களுக்கும் ஜமாஅத்தாருக்கும்

ஓதிப் பார்ப்பதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது மனதுக்கு ஆறுதல். ஆனால் ஓதிப் பார்ப்பவர் "குளிசையை விடு" என்று சொல்லக் கூடாது. கழுத்து முறுகி வந்தவரிடம் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன மருந்து எடுக்கிறீங்க, எப்ப தொடங்கினீங்க?" என்பதுதான். மருத்துவம் செய்துகொள்வது எமது மார்க்கம் வலியுறுத்திய ஒன்று. 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அந்த மரபு எம்முடையது.

நோன்பு விடயத்திலும் உலமாக்களின் வழிகாட்டல் தேவை. காலை, பகல், இரவு என்று மூன்று வேளை மருந்து எடுப்பவர் ரமழானில் தானாகவே எல்லாவற்றையும் ஸஹரில் சேர்த்து விழுங்குவது ஆபத்து. லிதியம் எடுப்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் கூடி, நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம். ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முடியாது என்று வைத்தியர் சொன்னால் மார்க்கத்தில் சலுகை இருக்கின்றது. ஊட்டச்சத்து அல்லாத மருத்துவ ஊசிகள் நோன்பை முறிக்காது என்று 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபையும் தீர்மானித்துள்ளது. எனவே மாதாந்த ஊசியை ரமழானுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பள்ளிவாசலில் கால் ஓயாமல் அசைபவருக்கு ஸப்பின் ஓரத்தில் ஒரு கதிரை வைத்துக் கொடுங்கள். நடந்து திரிபவரைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளை மத்ரஸாவிலேயே திருத்துங்கள். ஒரு ஜும்ஆ குத்பாவில் ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசினால், வாயைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் ஒருவராவது வெளியே வருவார். கிளினிக் நாளில் ஒரு வேனை ஏற்பாடு செய்து நாலைந்து பேரை ஒன்றாக அழைத்துப் போவது ஒரு ஜமாஅத்துக்குப் பெரிய செலவு இல்லை.

இந்தக் கிழமை உங்கள் வீட்டில் மருந்து எடுப்பவரின் முகத்தையும் கைகளையும் ஒரு தடவை அன்போடு கவனித்துப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் கொப்பியில் திகதியோடு எழுதி, அடுத்த கிளினிக்கில் முதல் விடயமாக அதைச் சொல்லுங்கள். அல்லாஹ் எமது நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிபாவையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக.